பத்தாவது பின்னல்

எசி குவான்சா ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக வேலை பார்க்க நினைத்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவளைப் பித்தலாட்டக்காரி என்று எவனாவது சொன்னால், அவனுக்கு அவளைத் தெரியாது என்று அர்த்தம்.

வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள் பிரிட்டனில் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். இருபத்தொன்று ஆனால் பல்கலைக்கழகம் கையைக் கழுவிவிடும். அது கழுவினால் விசா போச்சு. விசா போனால் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான். லீட்ஸ் நகரத்து ஹேர்ஹில்ஸ் பகுதியில் ஒரு வீட்டுக்கு ஐந்து பேர் என்று அடைந்து கிடக்கிற படிப்பாளிகள் அத்தனை பேருக்கும் இந்த இருபது மனப்பாடம். தெரிந்தே மீறுகிறவர்களும் அங்கே நிறைய. எசி அந்த ரகம் இல்லை.

அடுப்படிச் சுவரில் அவள் ஒரு காலண்டர் மாட்டியிருந்தாள். கானாவில் கேப் கோஸ்ட் மெதடிஸ்ட் சபை அச்சடித்தது. அக்கா அரபா பெட்டிக்குள் சுருட்டி வைத்து அனுப்பியது. இடது ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ஞாயிறு, வலது ஓரத்தில் சனி. வேலை பார்த்த மணிகளை நீலப் பேனாவால் அந்தந்தக் கட்டத்துக்குள் எழுதுவாள். வரிசை முடிந்ததும் கூட்டி ஓரத்தில் போடுவாள். இருபது. இருபது. பதினாறு. இருபது. ஒரு வரிசைகூட இருபதைத் தாண்டவில்லை.

அதே வீட்டில் கீழறையில் எபோ இருந்தான், அவனும் கானாக்காரன், செகொண்டி ஊர். பொறியியல் மேற்படிப்பு. அடுத்தவன் பெயரில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன். அது சட்டப்படி ஒரு மணி நேரம்கூடக் கூடாது. அவன் கவலைப்பட்டதில்லை.

"எசி அக்கா, கடைசி நாள்ல கர்த்தர் நியாயத்தீர்ப்பு சொல்ல உக்காரும்போது, தன் புஸ்தகத்தை ஓரமா வச்சிட்டு உன் காலண்டரைத்தான் கேப்பாரு பாரு" என்பான்.

"போடா. உன்னைப் பிடிச்சிட்டுப் போற அன்னைக்கு உன் சைக்கிளை நான் எடுத்துக்குறேன்."

"பிரேக் கிடையாது. பாத்து ஓட்டு."

அவர்கள் ஊரில் பிள்ளை எந்தக் கிழமையில் பிறக்கிறதோ அந்தக் கிழமையே பெயர். ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண் எசி. செவ்வாயில் பிறந்த எந்தப் பயலும் எபோ. எசியின் மகன் ஜோஜோ திங்கட்கிழமை பிறந்தவன். வாரம் எங்கே தொடங்குகிறது என்று எசியிடம் இது நாள் வரை யாரும் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் கேட்டதில்லை. மூக்கு முகத்தில் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்பார்களா?

அவள் கதை பெரிதாக ஒன்றுமில்லை. அம்மா கடற்கரையில் மீனைப் புகை போட்டு விற்றவள். எசி பள்ளிக்கூடம் போன காலத்தில் சனிக்கிழமைகளில் சந்தை ஓரம் முக்காலி போட்டு உட்கார்ந்து பெண்களுக்குத் தலை பின்னிவிட்டாள். நோட்டும் சீருடையும் அதில் வந்தவை. மண்டையோடு ஒட்டி வரிவரியாக ஓடும் பின்னல். அவள் கை போட்டால் மூன்று வாரம் குலையாது என்று பேர். அம்மா செத்தபோது ஊர் வழக்கப்படி அக்காளும் தங்கையும் தலையை ஒட்ட மழித்துக்கொண்டார்கள். அப்புறம் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எட்டு வருஷம் குமாஸ்தா. கட்டியவன் தக்கோராடியில் வேறொருத்தியோடு போய்விட்டான். முப்பத்திரண்டு வயதில், ஏழு வயது ஜோஜோவை அக்கா அரபாவிடம் விட்டுவிட்டு, பொதுச் சுகாதாரம் படிக்கக் கிளம்பினாள். படித்து முடித்துத் திரும்பினால் அதே அலுவலகத்தில் அதிகாரி நாற்காலி. அங்கேயே நல்ல வேலை கிடைத்தால் மகனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டில் எது நடந்தாலும் பட்டம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் போய் இறங்கினால், வந்ததற்கே அர்த்தம் இல்லை.

செப்டம்பரில் வந்தாள். பிப்ரவரியில் மரத்துப்போனாள்.

எந்த நாள் என்று சொல்ல முடியாது. கால் மரத்துப்போவதை யார் கவனிக்கிறார்கள்? எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். அடுப்புத் தட்டைத் துணியில்லாமல் பிடித்துவிட்டு, விரலில் கொப்புளம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது அவளுக்குத் தெரிந்தது. எபோதான் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் காட்டினான். "ஐயோன்னாவது சொல்லேன்" என்றான். அவள் யோசித்துப் பார்த்தாள். சொல்லத் தோன்றவில்லை.

ஜோஜோ போனில் வந்து, முன்பல் விழுந்துவிட்டது, கூரைமேல் வீசிவிட்டேன் என்றான். "சரி" என்றாள். அவன் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றான். அவளும் நின்றாள். அரபா போனை வாங்கிக்கொண்டாள்.

சாப்பாடு, புளித்த சோள மாவில் அவித்த கென்கி உருண்டையும் தகர டப்பா மீனும். அக்கா அனுப்பிய கறுப்பு மிளகாய்த் தொக்கு ஷிட்டோ ஒரு பாட்டில் இருந்தது. அதைத் தின்றால் கண்ணில் நீர் வரும், அது ஒன்றுதான் வந்தது. வகுப்புக்குள் நுழையும்போது அட்டையைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். செய்தாள். எழுதச் சொன்னதை எழுதினாள். மதிப்பெண் நன்றாகவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை கானாக்காரர்கள் கூடுகிற சபைக்கு முதலில் போய்க்கொண்டிருந்தாள். பாட்டுப் பாடும்போது தன் வாய் மட்டும் அசைவதை ஒரு நாள் கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் போகவில்லை. அரபா கேட்டால் போனேன் என்பாள்.

சனிக்கிழமை வேலைக்குப் போகிற பஸ் ஹெடிங்லி வழியாகப் போகும். அந்தத் தெருவில் சனிக்கிழமை என்றால் கூத்துதான். உள்ளூர்ப் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு மதுக்கடை மதுக்கடையாக இறங்கிவருவார்கள். ஒரு தடவை ஆறு வாழைப்பழங்களும் தாடி வைத்த இரண்டு கன்னியாஸ்திரிகளும் பஸ்ஸில் ஏறினார்கள். பஸ்ஸே சிரித்தது. ஒரு வாழைப்பழம் எசியின் பக்கத்தில் உட்கார்ந்து, "சிரிங்க அக்கா, என்ன ஆச்சு?" என்றது. எசி பல்லைக் காட்டினாள். வாழைப்பழத்துக்கு அது போதுமாக இருந்தது.

வேலை ஒரு முதியோர் இல்லத்தில். புதன் பத்து மணி நேரம், சனி பத்து மணி நேரம். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும். அங்கே மேனேஜர் லொரெய்ன் என்கிற ஐம்பது வயதுக்காரி. எல்லாரையும் "கண்ணு" என்பாள். திட்டும்போதும் கண்ணுதான்.

அந்த இல்லத்தில் பதினோராம் எண் அறையில் டோரீன் இருந்தாள். எண்பத்தெட்டு வயது. இளமையில் கோட்டு தைக்கும் ஆலையில் காலர் தைத்தவள். விரல்கள் முடங்கிவிட்டன. வாய் முடங்கவில்லை.

"உன் தலையில என்னடி அது? உழுத வயல் மாதிரி இருக்கு" என்றாள் ஒரு நாள்.

"பின்னல். நானே போட்டது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"எனக்கு மூணு மணி நேரம். உங்களுக்கு அரை மணியே அதிகம். முடி எங்க இருக்கு?"

டோரீன் சிரித்துச் சிரித்து இருமி, ஜெம்மா என்கிற இன்னொரு பணிப்பெண் பயந்து ஓடிவந்தாள். "ஒன்னுமில்ல போ" என்று அவளை விரட்டிவிட்டாள் கிழவி. "இந்த ஊர்ல எனக்குப் பதிலுக்குப் பதில் சொல்ற ஆளு இப்பத்தான் வந்திருக்கா."

மார்ச் மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, பிரிட்டன்காரர்களுக்கு அன்னையர் தினம். அன்றைக்கு வேலைக்கு வர எவளுக்கும் மனமில்லை. எல்லாரும் ஒருத்திக்கு அம்மா அல்லது ஒருத்தியின் மகள். லொரெய்ன் முந்தின வாரமே எசியைப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை வர முடியுமா, கண்ணு? உங்க ஊர்ல அன்னையர் தினம் மே மாசம்தானே?"

எசி வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தாள். அந்த வாரம் பரீட்சை இருந்ததால் புதன்கிழமை வேலையை வெள்ளிக்கு மாற்றியிருந்தாள். வெள்ளி பத்து, சனி பத்து. வரிசை முடிந்தது, இருபது. ஞாயிறு அடுத்த வரிசை. ஞாயிறு பத்து, புதன் பத்து, இருபது. அதற்கடுத்த சனிக்கிழமை போகாமல் இருந்தால் சரியாகிவிடும். இல்லத்தின் வேலைப்பட்டியலும் ஞாயிற்றில்தான் தொடங்கி சனியில் முடிந்தது. இரண்டும் ஒத்துப்போயின. வருகிறேன் என்றாள்.

அந்த ஞாயிறு டோரீன் காலையிலிருந்தே சரியில்லை. சாப்பாடு வேண்டாம் என்றாள். மேல்மூச்சு வாங்கியது. ஆனால் பேச்சு குறையவில்லை. மகள் காரல் அபர்டீனிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். வந்து சேர மாலை ஏழாகும்.

"பின்னல் போட்டு விடு" என்றாள் டோரீன்.

"இப்பவா? ஓய்வெடுங்க."

"எண்பத்தெட்டு வருஷமா நேராச் சீவின தலை. என் மக வந்து பாத்து மிரளட்டும். போடுடி."

"அவங்க என்னைத் திட்டுவாங்க."

"நான் கேட்டேன்னு சொல்லு."

எசி நாற்காலியைக் கட்டிலின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டாள். பல் நெருக்கமான சீப்பு ஒன்று அவள் பையில் எப்போதும் உண்டு. அந்த முடி சிலந்தி நூல் மாதிரி, பிடித்தால் வழுக்கியது. விரல் நுனியில் துளி எண்ணெய் தொட்டுக்கொண்டு, மண்டையை ஒட்டி முதல் வரியை ஓட்டினாள். டோரீன் முகத்தைச் சுளித்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்கட்டும், இழு. காலரும் இப்படித்தான். தளர்வா விட்டா பல்லைக் காட்டும்."

இரண்டு, மூன்று, நான்கு. வெளியே கூடத்தில் ஜெம்மா யாருக்கோ பூங்கொத்து வாங்கி வைக்கிற சத்தம். ஐந்தாவது பின்னலில் எசியின் கை தானாக ஓட ஆரம்பித்தது. சந்தை ஓரத்து முக்காலியில் ஓடிய அதே ஓட்டம். விரல்கள் சூடாயின. பிப்ரவரியிலிருந்து அவை தன் விரல்களாகவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சபைப் பாட்டு வந்தது. சொல் இல்லை, ராகம் மட்டும். "நல்லாருக்கு, நிறுத்தாத" என்றாள் டோரீன். அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. அதைக் கடைசி என்று நினைத்து அவள் சொல்லவில்லை.

பத்தாவது பின்னல் பாதியில் இருந்தபோது தலை கையில் கனத்தது. எசி குனிந்து பார்த்தாள். செத்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். மணியை அழுத்த வேண்டும். அழுத்தவில்லை. பத்தாவதை முடித்தாள். நுனியை நூலால் கட்டினாள். அதற்கப்புறம்தான் அழுத்தினாள்.

ஜெம்மா வந்து பார்த்துவிட்டு அழுதாள். எசி அழவில்லை. டாக்டர் வந்தார், எழுதினார், போனார். ஆறு மணிக்கு எசி கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். காரல் வந்தது ஏழு மணிக்கு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வீட்டில் காலண்டரின் சிவப்புக் கட்டத்துக்குள் பத்து என்று எழுதினாள். விரல்களின் சூடு திங்கட்கிழமை மதியம் வரை இருந்தது. அப்புறம் போய்விட்டது.

ஏப்ரல் நடுவில் லொரெய்ன் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உக்காரு கண்ணு. டீ?"

"வேண்டாம்."

"வேணும். குடி." கோப்பையை முன்னால் தள்ளினாள். "உனக்குப் படிப்பு முடிஞ்சதும் இங்கேயே நிரந்தர வேலை போடச் சொல்லி எழுதியிருந்தேன். தலைமை அலுவலகத்துல உன் வேலை நேரம் முழுக்க வாரவாரியாக் கேக்குறாங்க. எடுத்துப் பாத்தா, ஒரு வாரம் முப்பது மணி நேரம் இருக்கு."

"இருபது" என்றாள் எசி.

"வெள்ளி பத்து, சனி பத்து, ஞாயிறு பத்து."

"ஞாயிறு அடுத்த வாரம்."

லொரெய்ன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "விசாக்காரங்களுக்கு வாரம் திங்கட்கிழமை ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை முடியுது, கண்ணு."

"உங்க பட்டியல்லயே ஞாயிறுலதானே ஆரம்பிக்குது?"

"அது சம்பளத்துக்கு. நான்தான் கவனிச்சிருக்கணும். நான்தான் உன்னைக் கூப்பிட்டேன். தப்பு என்னோடது. ஆனா போறது உன் விசா."

எசி கோப்பையைப் பார்த்தாள். டீயின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றை முதலில் வைத்துத்தான் உலகம் முழுக்க வாரம் ஓடுகிறது என்று முப்பத்திரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவள், இப்போது அதைத் தூக்கிக் கடைசியில் வைக்க வேண்டும். வைத்தாள். முப்பது வந்தது.

"இப்படியே அனுப்பினா என்ன ஆகும்?"

"அவங்க பல்கலைக்கழகத்துக்குச் சொல்லியாகணும். பல்கலைக்கழகக்காரங்க அரசாங்கத்துக்குச் சொல்லியாகணும். அஞ்சு மாசப் படிப்பு பாக்கி இருக்கு உனக்கு. இருக்க விடுவாங்கன்னு எனக்குத் தோணல." லொரெய்ன் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு ஜெம்மாவும் இருந்தா. பதினோராம் நம்பர்ல ஜெம்மாதான் இருந்தான்னு எழுதிடுறேன். ஜெம்மாகிட்டப் பேசிட்டேன். உன் பத்து மணி நேரத்தை மே மாசம் ஒரு சனிக்கிழமைல போடுறேன், அன்னைக்கு நீ வர வேணாம். நீ அந்த ஞாயிறு இங்க வரவே இல்லைன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"அன்னைக்கு டோரீன்..."

"தெரியும் கண்ணு."

எசி நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்தாள். டீயை அப்படியே விட்டுவிட்டாள்.

வீட்டில் எபோ அடுப்படியில் நின்று வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னாள். முதலில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஆறு மாசமா நான் திருட்டுத்தனமா மிதிக்கிறேன், என்னைப் பாத்து ஒரு நாய் குரைக்கல. காலண்டரும் பேனாவும் வச்சுக்கிட்டு நீ மாட்டிக்கிட்டியே அக்கா! நான் செவ்வாயில பொறந்தவன். எனக்கு வாரம் செவ்வாயிலதான் ஆரம்பிக்குதுன்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். அடுப்பையும் அணைத்தான். "கையெழுத்துப் போட்டுடு. அந்த மேனேஜர் நல்லவ. எத்தனை பேரு இப்படிச் செய்வாங்க?"

"அந்தம்மாகூட நான் இருந்தேன்டா."

"சரி, இருந்த. இல்லைங்கல. செத்தவங்க வந்து கேக்கப் போறாங்களா?"

"மக இருக்கா."

"மகளுக்கு, யாரோ ஒருத்தி கூட இருந்தான்னா போதும். யாரா இருந்தா என்ன?"

"யாரோ இல்ல" என்றாள் எசி. "நான்."

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி எபோ கேட்டதில்லை. எதிர்த்துப் பேசப் போனவன் அதை விட்டுவிட்டு, ஒரு தட்டில் வாழைக்காயை வைத்து அவள் முன்னால் நகர்த்தினான். அப்புறம், "ஜோஜோவை நினைச்சுக்கோ" என்றான். அவள் தின்றாள். சூடாக இருந்ததா ஆறிப்போயிருந்ததா என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

மறுநாள் கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை. லொரெய்ன் வேறு பேனா தேடி எடுத்துக் கொடுக்கும்வரை காத்திருந்து போட்டாள். வீட்டுக்கு வந்ததும் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த பத்தை அடித்தாள். நீலப் பேனாவால் அடித்து அடித்து, தாள் கிழிந்து, பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. எல்லாம் சரி, படிப்பு முடிந்ததும் வேலை என்று மே மாதம் கடிதம் வந்தது. எசி அதை ஒரு முறை படித்துவிட்டு ஷிட்டோ பாட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

அந்த மாதமே ஒரு புதன்கிழமை காரல் வந்தாள். அறுபதை ஒட்டிய வயது, அம்மாவின் மூக்கு. பதினோராம் எண் அறையிலிருந்து எடுத்து வைத்திருந்த தையல் பெட்டியை வாங்கிப்போக வந்திருந்தாள். லொரெய்ன் அவளுக்கு டீ தரச் சொன்னாள். எசி கொண்டுபோய்க் கூடத்து மேசையில் வைத்தாள். லொரெய்ன் அறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"நன்றி" என்றாள் காரல். கோப்பையைத் தொடவில்லை. எசியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன்னு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அம்மா போன அன்னைக்கு அவங்க தலையில பின்னல் போட்டிருந்துச்சு. பத்து. நான் எண்ணினேன். அறைக்குள்ள வந்து அதைப் பாத்ததும் எனக்குச் சிரிப்புதான் முதல்ல வந்துச்சு. அம்மா செத்துக் கெடக்குறா, மக நின்னு சிரிக்கிறேன். அப்புறம்தான் அழுதேன்." பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். "கூட இருந்தது யாருன்னு கேட்டேன். ஜெம்மான்னு எழுதியிருக்கு. ஜெம்மாகிட்டப் போய் நீயாம்மா பின்னினதுன்னு கேட்டா, அந்தப் பொண்ணு மூஞ்சி செவந்துபோய் உள்ள ஓடிடுச்சு. அதுக்குத் தன் தலையையே ஒழுங்காச் சீவத் தெரியல."

வாசலில் லொரெய்ன் அசையவில்லை.

"நீங்களா?" என்றாள் காரல்.

எசியின் தலையில் அன்றைக்கும் பின்னல்தான். அதே வரி, அதே இடைவெளி. குருடனும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். லொரெய்னுக்குத் தெரியும். காரலுக்கும் தெரியும் என்பது அவள் கண்ணிலேயே இருந்தது. வாயால் ஒரு சொல் வந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தாள். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுப் போய் அவள் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். சந்தோஷத்தில் நாலு பேரிடம் சொல்லலாம். இல்லத்துக்கு நன்றிக் கடிதம் எழுதலாம். பெயரைப் போட்டு, தேதியைப் போட்டு.

"ஞாயித்துக்கிழமை நான் வேலைக்கு வர்றதில்ல" என்றாள் எசி.

காரல் தலையாட்டினாள். திரும்பவும் ஆட்டினாள். தையல் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். டீ ஆறியது.

"கடைசிப் பின்னல் மட்டும் மத்ததைவிட இறுக்கமா இருந்துச்சு" என்றாள். "காதுக்குப் பின்னால இருந்தது."

எசி மேசையில் சிந்தியிருந்த ஒரு சொட்டுப் பாலைத் துடைத்தாள்.

காரல் எழுந்து கோட்டை மாட்டினாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். "யாரு பண்ணியிருந்தாலும், அவங்களைப் பாத்தா ஒன்னு சொல்லுங்க. சவப்பெட்டிக்காரங்க அவிழ்த்துச் சீவட்டுமான்னு கேட்டாங்க. நான் விடல. அப்படியே வச்சுத்தான் அடக்கம் பண்ணினோம். சொல்லுவீங்களா?"

"சொல்றேன்" என்றாள் எசி.

லொரெய்ன் பின்னாலேயே வந்து அவள் தோளில் கை வைத்தாள். "கண்ணு" என்றாள். எசி அந்தக் கையின் கனம் நீங்கும்வரை நின்றுவிட்டு, ஆறிப்போன டீயைக் கொண்டுபோய்க் கொட்டினாள். அப்புறம் பதினோராம் எண் அறைக்குப் போனாள். அங்கே இப்போது வேறொருவர், காது கேட்காத கிழவர். அவருக்குச் சவரம் செய்துவிட்டாள்.

சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. போகாத நாள் அது. காகிதத்தில் மட்டும் பத்து மணி நேரம் போனாள். மதியம் ரவுண்ட்ஹே சாலையில் ஒரு குர்திஷ்காரனின் முடிவெட்டும் கடைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பொம்பளைங்களுக்கு வெட்டுறதில்ல சகோதரி" என்றான் அவன்.

"வெட்டுங்க."

"பின்னலை அவிழ்க்கவாவது வேணாமா?"

"வேண்டாம். அப்படியே."

அவன் முதலில் கத்தரியை எடுத்தான். பின்னல்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. மிச்சத்தை மிஷினால் ஒட்ட ஓட்டினான். தலையில் காற்றுப் பட்டது. அது அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு, அரபா போனில் முகம் காட்டிக் கூப்பிட்டாள். பின்னால் ஜோஜோ எட்டிப் பார்த்து, "ஐ, அம்மா ஆம்பள மாதிரி இருக்கா!" என்று கத்தினான். அரபா அவனை ஒதுக்கித் தள்ளினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. இரண்டு பேரும் கடைசியாகத் தலை மழித்தது ஒன்றாகத்தான், அம்மாவுக்காக.

"எசி" என்றாள். "யாருடி செத்தா? அங்க உனக்கு யாரு இருக்கா?"

எசி போனைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். மேலே காலண்டரில் அந்தக் கிழிசல் அப்படியே இருந்தது.

"யாரும் இல்லக்கா" என்றாள். "இங்க வெயில் வந்துருச்சு. அதான்."